பரணிலிருந்து இறங்கிய பல்கலைக்கழகம்

போன கோடையில் அண்ணன் மகளுக்கு இருப்பிடச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. பழைய பத்திரமோ ரேஷன் கார்டோ கிடைக்குமா என்று தேன்கனிக்கோட்டையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் ஏறினேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் ராகியும் காய்ந்த வேப்பிலையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. பத்திரம் அடியில் கிடந்தது. அதற்கு மேலே சணல் கயிறு கட்டிய ஒரு கட்டு. பிரித்தால் என் பி.ஏ. வரலாற்றுப் பாடப் புத்தகங்கள். மெல்லிய அட்டை, பழுப்பேறிய தாள், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயர். அதன் கீழே, அண்ணாமலைநகர் 608 002.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் மகள் அட்டையைத் துடைத்துப் பார்த்தாள். "நீங்க சிதம்பரத்துல படிச்சீங்களா சித்தப்பா? சொல்லவே இல்லியே!"

"சிதம்பரம் போனது கொஞ்ச நாள்தாம்மா. படிச்சதெல்லாம் இந்தத் திண்ணைலயும் கம்பெனி பஸ்லயும்தான்."

அவளுக்கு அது விளங்கவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு அவள் விண்ணப்பித்திருந்த பல்கலைக்கழகங்களில் பாதி கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் வழவழப்பான கையேடு வந்திருந்தது. எனக்கு வந்த பல்கலைக்கழகம் சணல் கயிற்றில் கட்டி வந்தது. அந்தக் கதையை அன்று திண்ணையில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். எழுதியும் வைக்கலாம் என்று பிறகு தோன்றியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். கல்லூரி என்றால் கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரி, இல்லாவிட்டால் தர்மபுரி. போய்ப் படிக்க ஆசைதான். வீட்டுக்கு வேண்டியிருந்தது சம்பளம். ஓசூர் சிப்காட்டில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகள் வந்து, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் பெருகியிருந்த காலம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு அப்படியொரு சிறு கம்பெனியில் டர்னராகச் சேர்ந்துவிட்டேன். லேத் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம். வாரம் ஒரு ஷிப்ட்.

எங்கள் ஷாப் ஃப்ளோரில் சேலம் பக்கத்திலிருந்து வந்த மூத்த தொழிலாளி ஒருவர் இருந்தார். டீ இடைவேளையில் எல்லோரும் பீடி பற்றவைக்கப் போனால், இவர் மட்டும் டூல் பாக்ஸிலிருந்து ஒரு புத்தகத்தை எடுப்பார். எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். "எந்தக் காலேஜ்ண்ணா?" என்று கேட்டேன். "போஸ்ட் ஆபீஸ் காலேஜ்டா தம்பி" என்று சிரித்தார். அஞ்சல் வழிக் கல்வி என்ற ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். விண்ணப்பப் படிவத்தையும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

சேர்க்கைக் கட்டணத்துக்கு அப்பாவிடம் நின்றேன். எங்களுக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டம் உண்டு. வீட்டின் பாதியில் மனிதர்கள், மறுபாதியில் பட்டுப்புழுத் தட்டுகள். அந்த முறை சந்திரிகைத் தட்டியிலிருந்து எடுத்த பட்டுக்கூடுகளை மூட்டை கட்டிக்கொண்டு அப்பா ராமநகரம் சந்தைக்குப் போனார். நல்ல விலை கிடைத்த நாள் போலும். திரும்பி வந்ததும் சட்டைப் பையிலிருந்து எண்ணி எடுத்துக் கொடுத்தார். வீட்டில் எங்களுக்குத் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். மூன்றிலும் கணக்கு மட்டும் தெரிந்த அப்பா, மூன்றாண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு முறை கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

முதல் கட்டு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். போஸ்ட்மேன் அண்ணன் வாசலில் நின்று, "ஏம்பா, இத்தாம் பெரிய கட்டு வந்துருக்குது, கையெழுத்துப் போடு" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலை நியமன உத்தரவு என்று நினைத்து வந்துவிட்டார்கள். அம்மா அந்தப் புத்தகங்களைப் பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை போட்டு ராகி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கினாள். படிக்காதவள். ஆனாலும் ஒரு புத்தகத்தையும் தரையில் வைக்கவிட மாட்டாள்.

என்னைப் பார்த்து எங்கள் தெருவில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அவர்களில் ஓர் அக்கா, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்தவர். ஒரு கையால் புழுவுக்குத் தழை போட்டுக்கொண்டே மறு கையில் பாடத்தை வைத்துப் படிப்பார். நான்காம் உறக்கம் முடிந்த புழுக்கள் தழை தின்னும்போது சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவர் பாடத்தை ஒப்பிக்க, மாமியார் அடுக்களையிலிருந்து "கல்யாணம் ஆன பிறகு யாருக்குடி பரீட்சை?" என்பார். அக்கா பி.ஏ. முடித்துப் பிறகு பி.எட்.டும் முடித்து ஆசிரியையாகி, இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அந்த மாமியார் சாகும்வரை அவரை "எங்கூட்டு டீச்சர்" என்றுதான் சொன்னார்.

டிசம்பர் தேர்வு என்றால் ராகி அறுவடைக் காலம். யானைகள் பன்னேர்கட்டா காட்டிலிருந்து எங்கள் பக்கம் இறங்கும் பருவமும் அதுவே. ஒரு தேர்வு நாள் காலையில் ஊரை ஒட்டிய சாலையில் யானைக் கூட்டம் கடந்துகொண்டிருந்தது. ஓசூர் பஸ் நின்றுவிட்டது. நடத்துநர் விளக்கை அணைக்கச் சொல்லி, ஒருவரும் மூச்சு விடக்கூடாது என்றார். கடைசி யானை நிதானமாக ஒரு பிடி ராகிக் கதிரை உதறித் தின்றுவிட்டுப் போகும்வரை நான் பானிப்பட்டுப் போர்களின் ஆண்டுகளை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தேர்வுக் கூடத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். சொன்னேன். கண்காணிப்பாளர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். மறுபேச்சில்லாமல் வினாத்தாளைக் கொடுத்தார்.

அஞ்சல் வழி மாணவர்களுக்கு நேரில் நடக்கும் தொடர்பு வகுப்புக்காக ஒருமுறை சிதம்பரமே போனேன். ராயக்கோட்டை, தர்மபுரி, சேலம், ஆத்தூர், விருத்தாசலம் என்று பஸ் மாறி மாறிப் போய் விடிகாலையில் இறங்கினேன். எங்கள் ஊர்க் குளிருக்குப் பழகிய உடம்பு அந்தப் புழுக்கத்தில் தவித்தது. கீழ வீதிப் பக்கம் ஓர் அறை. காலை இட்லிக்குக் கத்தரிக்காய்க் கொத்சு. அதுவரை அப்படியொன்றைச் சாப்பிட்டதில்லை. ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் பல்கலைக்கழகம். அகன்ற சாலைகள், மரங்கள், சாஸ்திரி மண்டபம். ஒரு கட்டடத்திலிருந்து வீணை, அடுத்ததிலிருந்து வாய்ப்பாட்டு என்று இசைக் கல்லூரிப் பக்கம் காற்றே சுருதியோடு இருந்தது.

வகுப்பில் என் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். முன் வரிசையில் கன்னியாஸ்திரிகள் இருவர், பின்னால் அரசுப் பேருந்து நடத்துநர், கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தை அழுதால் அந்த அம்மா வெளியே போவார். நடத்துநர் அவருக்காகக் குறிப்பு எடுத்து வைப்பார். பாடம் நடத்திய பேராசிரியர் வயதானவர். முதல் நாள் பாடத்தைத் தொடவே இல்லை. "வரலாறு படிக்க வந்திருக்கிறீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் வரலாற்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தார்.

கானாடுகாத்தானில் 1881-இல் பிறந்தவர் அண்ணாமலைச் செட்டியார். நகரத்தார் வழக்கப்படி கடல் கடந்த வட்டித் தொழிலில் செழித்த குடும்பம். சென்னையில் 1907-இல் இந்தியன் வங்கி தொடங்கியபோது அதில் பங்கெடுத்தவர்களில் ஒருவர். 1920-இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு தமிழுக்கும் வடமொழிக்கும் தனித்தனிக் கல்லூரிகள். தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக வந்தவர் உ.வே. சாமிநாதையர். இவை அத்தனையையும் 20 லட்சம் ரூபாயோடு சேர்த்துச் செட்டியார் ஒப்படைத்ததன் பேரில், 1928-இல் மாகாணச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1929-இல் பல்கலைக்கழகம் பிறந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் அதற்கு முன் இருந்தவை 1857-இன் சென்னைப் பல்கலைக்கழகமும் 1926-இன் ஆந்திரப் பல்கலைக்கழகமும்தான். சட்டப்படி அது அரசு உருவாக்கிய பல்கலைக்கழகம். ஆனால் பணம் ஒரு தனி மனிதருடையது. இணைவேந்தர் பதவி அவருடைய குடும்பத்துக்கு வழிவழியாக வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் எங்கெங்கோ உள்ள கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்தியது. அண்ணாமலை அப்படி இல்லை என்றார் பேராசிரியர். ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிக் கற்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்த சீனிவாச சாஸ்திரியின் பெயரில்தான் அந்த மண்டபம். நாவலர் சோமசுந்தர பாரதியும் பண்டிதமணி கதிரேசச் செட்டியாரும் தமிழ் கற்பித்தார்கள். நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே மாணவர்களாக இருந்து அரசியலுக்குப் போனவர்கள். கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கத்தின் பின்னால் நின்றவரும் அதே அண்ணாமலைச் செட்டியார்தான். டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் அந்த இசைக் கல்லூரியில் இருந்தவர்கள்.

பொறியியல் 1945-இல் வந்தது, வேளாண்மை 1958-இல். கடலுயிரியல் படிக்க வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் தனி மையம். 1985-இல் மருத்துவக் கல்லூரி. ஒரு கோயில் நகரத்தின் ஓரத்தில் இத்தனை துறைகள் முளைத்ததைப் பேராசிரியர் சொல்லச் சொல்ல, லேத் பிடித்துக் காய்த்துப்போன என் கையைப் பார்த்துக்கொண்டேன். இதற்குள் எனக்கும் ஒரு மூலை இருக்கிறதே என்றிருந்தது.

மதிய இடைவேளையில் நடத்துநர் என்னை ராசேந்திரன் சிலையைப் பார்க்கக் கூட்டிப் போனார். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த அந்தப் பல்கலைக்கழக மாணவர். மூன்று மொழி பேசும் ஊரிலிருந்து வந்தவன் நான். சிலை முன்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசத் தோன்றாமல் நின்றேன். நடத்துநர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மாலையில் பேராசிரியரிடம் நெடுநேரமாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன். "எல்லாரும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கத்தானே இதைக் கட்டினாங்க ஐயா? அப்புறம் எங்களுக்கு எப்படித் தபாலில் வந்தது?"

"1929-இல் உள்ளே வரச் சொன்னார்கள். 1979-இல், வர முடியாதவர்களிடம் நாமே போவோம் என்று அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கினார்கள். இடையில் ஐம்பது வருஷம்" என்றார். பிறகு போலீஸ்காரரையும் கைக்குழந்தையையும் சுட்டிக்காட்டி, "இந்த வகுப்பை 1929-இல் ஒருவரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்" என்றார்.

பட்டம் வாங்கிய பிறகு ஸ்டோர்ஸ் பிரிவில் மேசை வேலை கிடைத்தது. எண்ணெய்க் கறை படாத சட்டையோடு வீடு திரும்பிய முதல் நாள் அப்பா சட்டையைத் தொட்டுப் பார்த்தார். மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாமே நன்றாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. அடிப்படைப் பட்டம் இல்லாதவர்களுக்குத் திறந்தநிலை முறையில் நேரடியாக முதுகலைப் பட்டம் தரும் வழி ஒன்று அண்ணாமலையில் இருந்தது. அந்தப் பட்டம் செல்லாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிப் படித்துப் பதவி உயர்வுக்குக் காத்திருந்த நண்பர் ஒருவர் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தார். பல்கலைக்கழகமும் தேவைக்கு மிஞ்சிய பணியாளர்களோடு நிதி நெருக்கடியில் மாட்டியது. 2013-இல் தமிழக அரசு புதிய சட்டம் கொண்டுவந்து அதை முழுமையாகத் தன் வசம் எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான பணியாளர்கள் வேறு அரசுத் துறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். மருத்துவக் கல்லூரி கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. செய்தித்தாளில் ஒவ்வொன்றாகப் படித்தபோது சொந்தக்காரர் வீட்டுப் பாகப்பிரிவினையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் மகள், "அப்படின்னா இப்ப நம்ம பக்கத்துல இருக்கிற யுனிவர்சிட்டி எல்லாம் எப்படி வந்துச்சு?" என்றாள். நல்ல கேள்வி. தேன்கனிக்கோட்டை பஸ் நிலையத்தில் காலையில் நின்றால், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கல்லூரி வண்டிகள் போவதைப் பார்க்கலாம். எங்கள் காலத்தில் அந்த நேரத்துக்குக் கம்பெனி பஸ் மட்டும்தான்.

தளி வழியாகப் போனால் ஆனேக்கல். அங்கே சந்தாபுரா சாலையில் இருக்கிறது அலையன்ஸ் பல்கலைக்கழகம். 2010-இல் கர்நாடகத்தின் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் உருவான தனியார் பல்கலைக்கழகம் அது. மேலாண்மை, சட்டம், பொறியியல், கலைத் துறைகள் உள்ளன. பாகலூரைத் தாண்டினால் சர்ஜாபுரம். அங்கே புருகுண்டே கிராமத்தில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். அதுவும் 2010-இன் கர்நாடகச் சட்டப்படி எழுந்ததுதான். 2011-இல் எலக்ட்ரானிக் சிட்டியில் முதுகலை வகுப்புகளோடு தொடங்கி, 2015-இல் இளங்கலையையும் சேர்த்து, 2021-இல் இந்த வளாகத்துக்கு வந்தது.

தமிழ்நாடு வேறு பாதையில் நடந்தது. பெரிய தனியார் கல்லூரிகள் ஒன்றிய அரசின் நிகர்நிலைத் தகுதியைப் பெற்று வளர்ந்தன. வேலூர் விஐடியும் தஞ்சைச் சாஸ்த்ராவும் 2001-இல் அப்படி ஆனவை. தனியார் பல்கலைக்கழகத்துக்கென்று இங்கே சட்டங்கள் வரத் தொடங்கியது 2018-இல்தான். எங்கள் பிள்ளைகள் எல்லை தாண்டிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பெங்களூரு பக்கத்தில் இருப்பது இன்னொரு காரணம்.

அவளோடு சில வளாகங்களுக்குப் போய் வந்தேன். ஓரிடத்தில், பெயர் வேண்டாம், வரவேற்பறையில் காபி கொடுத்து உட்காரவைத்தார்கள். நூலகத்தைக் காட்டுவதற்கு முன்பே வங்கிக் கடன் ஏற்பாடு செய்பவரை அறிமுகம் செய்தார்கள். அண்ணன் கட்டண அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்திலாவது குறைந்த எண் ஒன்று இருக்கும் என்று தேடினாரோ என்னவோ. திரும்பும் வழியில் பேசவே இல்லை.

சர்ஜாபுரத்தில் நான் பார்த்தது வேறு மாதிரி. விப்ரோ பங்குகளில் பெரும் பகுதியை அசீம் பிரேம்ஜி தன் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். அந்தப் பணத்தில் நடப்பது அந்தப் பல்கலைக்கழகம். அரசுப் பள்ளிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்த அறக்கட்டளை, கல்வித் துறைக்கும் சமூகப் பணிக்கும் தேர்ந்த ஆட்கள் போதவில்லை என்று கண்டு தொடங்கியது. அதனால் அங்கே கல்வியியல், வளர்ச்சி, பொதுக் கொள்கை என்று பள்ளிகளைப் பிரித்து, கூடவே கலை அறிவியலும் வைத்திருக்கிறார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்து, கட்டணத்தில் முழு விலக்குவரை உதவி உண்டு. அங்கே பேசிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒடிசாவிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்த கிராமத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். என் சிதம்பரம் வகுப்பின் முன் வரிசையும் பின் வரிசையும் எனக்கு நினைவுக்கு வந்தன.

தனியார் என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அளக்க முடியாது என்பது எனக்கு அன்று உறுதியானது. ஒருவர் தன் பணத்தை வைத்துத் தொடங்குவதும் தனியார்தான். நம் பணத்தை வைத்துத் தொடங்குவதும் தனியார்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கொடுத்த 20 லட்சம் தேன்கனிக்கோட்டைக்கு வந்து சேர அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. ஆனாலும் வந்தது. எந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் நான் கேட்பது இதைத்தான்: அது கட்டிய சுவருக்கு வெளியே எவ்வளவு தூரம் போயிருக்கிறது? டர்னருக்கும் நடத்துநருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அதில் இடம் இருக்கிறதா?

இந்தக் கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வளாகம் வளாகமாக ஏறி இறங்கும் பெற்றோருக்கு, பரணில் புத்தகம் வைத்திருக்கும் பழைய மாணவனாக ஒரு வார்த்தை. கட்டடத்தைப் பிறகு பார்க்கலாம். எந்தச் சட்டத்தின்கீழ் அது பல்கலைக்கழகம், பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டப் படிப்பு என்றால் பார் கவுன்சிலின் ஒப்புதல், மருத்துவம் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும். தொலைதூரக் கல்வி என்றால் அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி உண்டா என்று தனியாகப் பாருங்கள். என் நண்பரின் சான்றிதழ் சுவரிலிருந்து இறங்கியது இது போன்ற ஒரு சிக்கலால்தான். உதவித்தொகையை வாய்ச்சொல்லாக வாங்கிக்கொள்ளாமல் எழுத்தில் கேளுங்கள். கடைசியாக, வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் நாலு பேரிடம் "அப்பா என்ன வேலை செய்றாரு கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். கையேட்டில் இல்லாதது அந்தப் பதில்களில் இருக்கும்.